பழைய பிக்கப்புக்குப் புகை சர்டிபிகேட்: நாசிலா, எஞ்சினா, புது வண்டியா?

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றி வருகிற வண்டிகளையும், பண்ருட்டி மண்டிகளில் பலாப்பழம் ஏற்றக் காத்திருக்கிற வண்டிகளையும் பார்த்தால் ஒன்று தெரியும். பத்து, பன்னிரண்டு வருஷம் ஓடிய பிக்கப்புகள் இந்தப் பக்கத்துச் சரக்கை இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பொலேரோ பிக்கப்போ, டாடா 207-ஓ, டாடா ஏஸ் என்கிற குட்டி யானையோ, சரக்கு வண்டியாகப் பதிவானால் எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டும், எட்டைத் தாண்டினால் வருஷா வருஷம். எஃப்.சி.க்குப் போகும்போது கையில் நடப்பில் உள்ள புகை சர்டிபிகேட் இருக்க வேண்டும். பழைய வண்டி மாட்டிக்கொள்வது அங்கேதான்.

மெஷினில் ஃபெயில் என்று வந்ததும் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். டீக்கடையில் நிற்பவர் ஏர் ஃபில்டரை மாற்றச் சொல்வார். பழகிய மெக்கானிக், எஞ்சினுக்குள் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் போயிடுச்சு என்பார். மச்சான், அதைத் தள்ளிவிட்டு ஃபைனான்ஸில் புது வண்டி எடு என்பார். இன்னொருத்தர் குரலைத் தாழ்த்தி, வண்டியே போகாமல் சர்டிபிகேட் வாங்கித் தருகிற ஆள் இருக்கிறார் என்பார். சில நூறு ரூபாயிலிருந்து பல லட்சம் வரை போகிற வழிகள் இவை. எதை முதலில் தொடுவது என்பதில்தான் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இருக்கிறது. என் வரிசை இது: முதலில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம், அடுத்து புகையின் நிறம், மூன்றாவது பம்ப் கடை (டீசலை எஞ்சினுக்குள் தூவும் நாசிலையும் அதற்கு டீசல் தள்ளும் பம்பையும் பார்க்கிற கடை), கடைசியில்தான் எஞ்சின். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அந்த நம்பர் என்ன சொல்கிறது

டீசல் வண்டிக்குப் புகை பார்ப்பதில் வாயுக் கணக்கு கிடையாது. பெட்ரோல் வண்டிக்குத்தான் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளப்பார்கள். டீசலில் நியூட்ரலில் வைத்து ஆக்சிலேட்டரைச் சட்டென்று முழுக்க அழுத்துவார்கள். வருகிற புகை மெஷினுக்குள் போய் ஒரு ஒளிக்கற்றையை எவ்வளவு மறைக்கிறது என்று பார்ப்பார்கள். இப்படிச் சில தடவை அழுத்தி, சராசரி எடுப்பார்கள். பி.எஸ். என்பது புது வண்டி எவ்வளவு புகை விடலாம் என்று அரசு வைத்த தரம். பி.எஸ்.4-க்கு முந்தைய வண்டிக்கு வரம்பு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு. அதாவது 43 சென்டிமீட்டர் நீளப் புகைக்குள் போகும் வெளிச்சத்தில் 65 விழுக்காடு வரை மறைந்தால் பரவாயில்லை. ஸ்லிப்பில் ‘கே’ என்று வரும் கணக்கில் இது 2.45. பி.எஸ்.4 வண்டிக்கு 50 அலகு, கே கணக்கில் 1.62.

நாடு முழுக்க நான்கு சக்கர வண்டிகளுக்கு பி.எஸ்.3 வந்தது 2010-இல், பி.எஸ்.4 வந்தது 2017 ஏப்ரலில், பி.எஸ்.6 வந்தது 2020 ஏப்ரலில். உங்கள் வண்டி எந்த வகை என்று ஊகிக்க வேண்டாம், ஆர்.சி.யைப் பாருங்கள். பி.எஸ்.3-ஆக இருந்தால் சர்டிபிகேட் ஆறு மாதத்துக்குத்தான், பி.எஸ்.4-க்கும் அதற்குப் பிந்தையதற்கும் ஒரு வருஷம்.

65 என்பது தாராளமான வரம்பு. பன்னிரண்டு வயது வண்டி, ஒழுங்காகப் பராமரித்திருந்தால், இதற்குள் தாராளமாக அடங்கும். அதைத் தாண்டுகிறது என்றால் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. வயசாகிவிட்டது என்று சொல்லித் தள்ளுவது சோம்பேறித்தனம். எவ்வளவு தாண்டியது என்பதும் முக்கியம். வரம்பைத் தொட்டு லேசாக மேலே போனால் ஃபில்டர், டாப்பெட் (வால்வு இடைவெளி), ஹோஸ் என்ற அளவில் முடிய வாய்ப்பு அதிகம். கே கணக்கில் இரண்டு மடங்காக இருந்தால் ஃபில்டருக்குச் செலவு செய்து காத்திருக்காமல் நேரே நாசிலுக்குப் போகலாம். 2021-லிருந்து ஃபெயிலான வண்டிக்கு ரிஜெக்ஷன் ஸ்லிப் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். மெஷின் மீது சந்தேகம் இருந்தால் இன்னொரு சென்டரில் வைத்துப் பார்க்கவும் அது உதவும்.

வாட்ஸாப்பில் சுற்றும் பத்து வருஷத் தடை விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பத்து வயது டீசல் வண்டிக்குத் தடை என்ற பேச்செல்லாம் டெல்லியையும் அதைச் சுற்றிய தலைநகர வட்டாரத்தையும் பற்றியது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது இல்லை. பதினைந்து வருஷமானால் பதிவு ரத்து என்று 2023 ஏப்ரலில் வந்ததும் அரசு வண்டிகளுக்கு மட்டும். உங்கள் வண்டி எஃப்.சி. பாஸாகிக்கொண்டிருக்கும்வரை ஓடலாம். வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறும், பசுமை வரியும் உண்டு, அவ்வளவுதான்.

வண்டி போகாமல் வரும் சர்டிபிகேட்

இந்த வழியை ஒரு பத்தியில் முடிக்கிறேன். இப்போது சென்டரில் வண்டியின் நம்பர் பிளேட்டோடு போட்டோ எடுத்து, அளவுகளை அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ஏற்றி, உரிமையாளரின் செல் நம்பரையும் சேர்த்து, க்யூஆர் குறியீட்டோடு சர்டிபிகேட் தருகிறார்கள். அப்படியிருந்தும் குறுக்கு வழி இருக்கிறது என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், இருக்கலாம். ஆனால் சிதம்பரம் சாலையில் மறித்து, இவ்வளவு கரும்புகை தள்ளுகிறதே என்று கேட்கும் அதிகாரியிடம் அந்தத் தாள் எதற்கும் உதவாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன் கீழ் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், மூன்று மாதம் வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது, லைசென்ஸும் மூன்று மாதம் போகும். இது போக, வெளியே போகிற கரும்புகை முழுக்க நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல். ஒவ்வொரு நாளும் அதைச் சைலன்சர் வழியாக ஊற்றிக்கொண்டே தாளுக்கும் தனியாகக் காசு கொடுப்பது எனக்குக் கணக்காகப் படவில்லை.

முதலில் வண்டிக்கு அடியில் படுங்கள்

இது கடற்கரை ஊர். மீன் ஏற்றும் வண்டியில் ஐஸ் உருகி உப்புத்தண்ணீர் நாள் முழுக்கப் பலகை இடுக்கில் வடிந்து சேஸிஸ் மேல் ஒழுகுகிறது. சேலத்தில் ஓடுகிற வண்டி எஞ்சினால் சாகும், முதுநகரில் ஓடுகிற வண்டி துருவால் சாகும். எஞ்சினுக்கு எண்பதாயிரம் செலவு செய்து புகை பாஸ் வாங்கிவிட்டு, எஃப்.சி. மைதானத்தில் சேஸிஸ் ஓட்டையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அந்தப் பணம் போனதுதான்.

அதனால் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் சின்னச் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள். பின் ஸ்பிரிங் பட்டை சேஸிஸில் மாட்டியிருக்கும் பிராக்கெட், கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவில் வரும் குறுக்குச் சட்டம், பின்சக்கரத்துக்கு மேலே சேஸிஸ் வளையும் இடம் ஆகிய மூன்றையும் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு ‘டங்’ என்று சொல்லும். உள்ளே உளுத்த இரும்பு சொத்தென்று சத்தம் கொடுத்து, செதில் செதிலாகத் துரு கொட்டும். ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, கடைசியில் சொல்லப்போகும் ஸ்கிராப் வழிக்குப் போய்விடுங்கள். மேலே பெயிண்ட் அடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஃப்.சி.க்கு முதல் நாள் கறுப்பு அடித்த சேஸிஸ் என்றால் தட்டுவதில் இன்னும் கவனம் வேண்டும்.

படுத்திருக்கும்போதே சைலன்சரையும் பாருங்கள். அதுவும் இந்தக் காற்றில் சீக்கிரம் ஓட்டையாகும். ஓட்டை சைலன்சரில் அளவு சரியாக வராது என்று விவரம் தெரிந்த சென்டர்காரர் டெஸ்ட்டையே எடுக்க மாட்டார். வெல்டிங் கடையில் ஒட்டுப் போட்டு முடிக்கிற வேலைதான் அது.

நெல்லிக்குப்பம், பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் கரும்பும் முந்திரியும் காய்கறியும் ஏற்றிய வண்டிகளுக்கு இந்தப் பயம் குறைவு. அவற்றின் சேஸிஸ் பெரும்பாலும் இன்னும் பல வருஷம் தாங்கும். அப்படிப்பட்ட வண்டிக்கு எஞ்சின் பக்கம் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது.

புகைக்கு மூன்று நிறம்

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி நியூட்ரலில் ரெண்டு தடவை ஆக்சிலேட்டரை மிதித்துப் பின்னால் ஒருத்தரை நிற்க வையுங்கள். கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை, அதுவும் சூடான பிறகும் நிற்காத வெள்ளை என்றால், டைமிங் பின்தங்கியிருக்கலாம், கம்ப்ரெஷன் இல்லாமல் இருக்கலாம், ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கலாம். பழைய பிக்கப்பை டெஸ்ட்டில் கவிழ்ப்பது அநேகமாகக் கறுப்புதான். கறுப்புக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டிய அவசியம் அரிது.

நீலமா என்று சந்தேகம் வந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் வாயில் அப்படியே கவிழ்த்து வையுங்கள். லேசாக ஆடினால் பரவாயில்லை. புஸ் புஸ்ஸென்று புகை தள்ளி மூடியைத் தூக்கிப் போட்டால் ரிங் வழியாகக் கம்ப்ரெஷன் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். இதைப் பார்க்காமல் ரிங் போச்சு என்று சொல்கிற மெக்கானிக்கிடம் கொஞ்சம் தள்ளியே இருங்கள்.

சில்லறைச் செலவில் தீர்கிறதா

கறுப்பு என்றால் முதலில் காற்று. முந்திரிக்காட்டுச் செம்மண் பாதையில் ஓடுகிற வண்டியின் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கைநிறைய மண் கொட்டும். அதைக் கம்ப்ரெஸ்ஸரில் ஊதி ஊதித் திரும்ப மாட்டுவது நம் வழக்கம். நாலு தடவை ஊதிய பேப்பர் ஃபில்டரில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் வரும், அது வழியாக மண் உள்ளே போய் அடுத்த வருஷம் உண்மையாகவே ரிங் போகும். ஊத வேண்டாம், புதுசு போடுங்கள். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ உள்ள வண்டியானால் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ஹோஸ்களைத் தடவிப் பாருங்கள். கிளாம்ப் பக்கம் ஆயில் கசிந்து கறுத்திருந்தால் காற்று அங்கே வெளியேறுகிறது. கம்பி போட்டுக் கட்டிவைத்த ஹோஸை எத்தனையோ வண்டிகளில் பார்க்கலாம். அந்த ஒரு ஹோஸ் மாற்றியதிலேயே புகை பாதியான வண்டிகள் உண்டு.

டீசல் ஃபில்டர், எஞ்சின் ஆயில், டாப்பெட் இடைவெளி ஆகிய மூன்றையும் இதோடு பார்த்துவிடலாம். டாப்பெட்டைச் சரி செய்ய அரை நாள்கூட ஆகாது. கடைகளில் விற்கும் இன்ஜெக்டர் கிளீனர் பாட்டிலை ஊற்றினால் பாஸாகிவிடும் என்பதை நான் நம்பவில்லை. லேசான அழுக்குக்கு அது கொஞ்சம் உதவும், தேய்ந்த நாசிலைத் திரும்பக் கூர்மையாக்காது. டீசல் போடும் பங்க்கை மாற்றிப் பார்ப்பதும் அப்படித்தான். புதுச்சேரி எல்லையில் முள்ளோடை, கன்னியகோவில் பக்கம் டீசல் விலை குறைவு என்று நாமெல்லாம் அங்கே டேங்கை நிரப்புகிறோம். 2020-க்குப் பிறகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே தரம்தான், கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் கிடையாது. பங்க்கை மாற்றுவதால் புகை மாறாது.

பம்ப் கடை: பணத்துக்குப் பலன் அதிகமான இடம்

மேலே சொன்னதெல்லாம் செய்தும் கறுப்பு நிற்கவில்லை என்றால், எஞ்சின் மெக்கானிக்கிடம் இன்னொரு தடவை போகாதீர்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் வேலை மட்டும் பார்க்கிற கடைக்குப் போங்கள். சேதி கேட்டதும் அங்கே முதலில் நாலு நாசிலையும் கழற்றுவார்கள். ஒவ்வொன்றாகக் கை டெஸ்டரில் மாட்டி லீவரை அழுத்துவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். நல்ல நாசில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு நாலைந்து ஓட்டை வழியாகவும் ஒரே சமயத்தில், ஒரே அளவில் மூட்டமாகத் தெறிக்கும், நிறுத்தியதும் நுனி காய்ந்திருக்கும். கெட்ட நாசிலில் ஒரு பக்கம் நூலாக ஒழுகும், நிறுத்திய பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கும். அந்தச் சொட்டு எஞ்சினுக்குள் எரியாமல் கரியாகிறது. உங்கள் ஸ்லிப்பில் வந்த நம்பர் அதுதான்.

“தம்பி, மூணாவதைப் பாரு, மாடு மூத்திரம் பெய்யுற மாதிரி ஊத்துது. ரெண்டு வருஷமா இதோடயா ஓட்டுன?” என்று அப்படி ஒரு கடையில் பெரியவர் ஒருத்தர் கேட்டார். வண்டிக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, “இழுவை நல்லா இருந்துச்சுண்ணே, அதான்…” என்றார். இழுவை நன்றாக இருந்ததற்குக் காரணம் வேறு. பம்பில் யாரோ சீல் உடைத்து டீசலைக் கூட்டி வைத்திருந்தார்கள்.

இந்த ‘பம்ப் கூட்டுதல்’ நம் பக்கம் சகஜம். பாதி பாரத்துக்குச் செய்த வண்டியில் முழு பாரம் ஏற்றுகிறோம், வண்டி திணறுகிறது. பம்பில் இருக்கும் திருகை ஒரு சுற்றுத் திருப்பினால் டீசல் அதிகம் போகும், இழுவை கூடும். உள்ளே வரும் காற்று கூடாததால், அதிகமாகப் போன டீசலில் ஒரு பகுதி கரியாக வெளியே வரும். மைலேஜ் குறையும், பிஸ்டன் தலையும் டர்போவும் வெந்து போகும். புகை டெஸ்ட்டில் ஃபெயிலாவது இதன் கடைசி அடையாளம்தான். பம்பைக் கழற்றிக் கேலிபரேஷன் மெஷினில் மாட்டி, ஒவ்வொரு வேகத்திலும் நாலு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் போகிறது என்று கண்ணாடிக் குழாய்களில் அளந்து, கம்பெனி அளவுக்குத் திருப்பி வைப்பார்கள். நாலு குழாயிலும் டீசல் மட்டம் ஒரே கோட்டில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.

இங்கே ஒரு வேதனையும் உண்டு. பம்பைச் சரியாகக் குறைத்து வைத்ததும் வண்டிக்காரருக்கு இழுவை போய்விட்டது என்று தோன்றும். அதற்குத் தயாராக இருங்கள். பாஸான மறுநாளே திரும்பக் கூட்டி வைக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்தில் அதே நம்பரோடு திரும்ப வந்து நிற்க வேண்டியதுதான்.

செலவு எவ்வளவு? நாசில் முனை நாலு, வாஷர், டெஸ்ட் கூலி சேர்த்துச் சில ஆயிரங்களில் முடியும். பம்ப் கேலிபரேஷன் வெறும் அளவு சரிசெய்வது என்றால் அதே அளவு. பம்புக்குள் தேய்ந்த பாகம் மாற்ற வேண்டும் என்றால் அதிகம், அதை மட்டும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நாசிலைத் திரும்ப மாட்டும்போது அடியில் வரும் செப்பு வாஷர் நாலும் புதுசாக இருக்க வேண்டும். பழசையே நெருப்பில் காட்டித் திரும்பப் போட்டால் கம்ப்ரெஷன் அந்த வழியாகக் கசியும். பம்பைத் திரும்ப ஏற்றும்போது டைமிங் குறியைச் சரியாக வைத்தார்களா என்றும் கேளுங்கள். ஒரு பல் மாறினால் நாசில், பம்ப் எல்லாம் புதுசாக இருந்தும் புகை வரும்.

சென்சார் வண்டியானால்

டீசல் தூவுவதைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் காமன் ரெயில் வண்டிக்கு, பெரும்பாலும் பி.எஸ்.4 பிக்கப்புகளுக்கு, கதை வேறு. அங்கே திருப்ப ஒரு திருகும் கிடையாது. ஸ்கேனர் மாட்டி இன்ஜெக்டர் திருத்த அளவுகள், ரெயில் பிரஷர், காற்று அளவி எல்லாம் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டும். முக்கியக் குற்றவாளி இஜிஆர் வால்வு. எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள் விடுகிற அந்த வால்வில் கரி பிடித்துத் திறந்தே நின்றுவிட்டால் காற்று குறைந்து கறுப்பு வரும். கழற்றிக் கழுவி மாட்டினால் சரியாகும். அதற்குப் பதில் தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்வார்கள். அடைத்தால் கறுப்பு குறையும், டெஸ்ட்டும் பாஸாகும், ஏனென்றால் நம் டீசல் டெஸ்ட்டில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. ஆனால் டேஷ்போர்டில் எஞ்சின் லைட் எரியும், எரிவதை மறைக்க இன்னொரு வேலை செய்ய வேண்டிவரும். கழுவுகிற கூலியைவிட அது எந்த விதத்திலும் மலிவில்லை. இன்ஜெக்டர் கெட்டிருந்தால் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காமன் ரெயில் இன்ஜெக்டர் ஒன்றின் விலை பழைய நாசில் முனை நாலையும்விட அதிகம். நாலையும் ஒரே மூச்சில் மாற்றச் சொன்னால், டெஸ்ட் பெஞ்சில் எது கெட்டது என்று காட்டச் சொல்லுங்கள்.

எஞ்சினைப் பிரிப்பதா, வேறு எஞ்சின் வைப்பதா

ஆயில் மூடி தூக்கிப் போடுகிறது, நீலப்புகை வருகிறது, ஆயில் மாற்றுவதற்கு நடுவே லிட்டர் கணக்கில் ஊற்றிக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். இதில் இரண்டு ரகம் உண்டு. போர் (சிலிண்டரின் உட்சுவர்) பார்த்து, பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை என்று முழுசாகச் செய்வது ஒன்று. ரிங் மட்டும் மாற்றி முடிப்பது இன்னொன்று. போர் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும்போது ரிங் மட்டும் மாற்றினால் ஒரு டெஸ்ட் பாஸாகும், அடுத்ததில் திரும்ப நிற்கும். லேத்தில் போர் அளந்த சீட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழு வேலைக்கு ஒரு லட்சத்தை நெருங்கும் செலவு, பத்துப் பதினைந்து நாள் வண்டி நிற்பதையும் சேர்த்தால் அதற்கு மேல்.

புதுச்சேரியிலோ சென்னையிலோ இருந்து பழைய எஞ்சின் வாங்கி வைத்துவிடலாம் என்ற யோசனை வரும். வேகமாக முடியும் என்பது உண்மைதான். ஆனால் எஞ்சின் நம்பர் மாறும், ஆர்.டி.ஓ.விடம் முன் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும், ஃபைனான்ஸ் இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும். பில் இல்லாத எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, போலீஸுக்குத் தெரிந்துவிடும். இதைவிட உங்கள் எஞ்சினையே செய்வது மேல்.

சி.என்.ஜி. கிட் போட்டுவிடலாமா என்றும் கேட்கிறார்கள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் ப்ளக் கிடையாது, அழுத்தத்தில்தான் எரிகிறது. கிட் மாட்டி மாற்றுகிற வேலை இல்லை அது. விடுங்கள்.

ஸ்கிராப், புது வண்டி

சேஸிஸ் உளுத்திருந்தால், அல்லது எஞ்சின் வேலையும் டயரும் தொட்டி வேலையும் சேர்ந்து வண்டியின் சந்தை விலையைத் தாண்டினால், விற்பது சரி. எடைக்குப் போட்டுவிட்டு ஆர்.சி.யை ரத்து செய்யாமல் இருப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிறது. பெயர் உங்களுடையதாகவே இருக்கும், வரியும் சலானும் உங்களைத் தேடி வரும். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்தால் வண்டி ஒப்படைத்ததற்கான சான்றிதழ் தருவார்கள். ஸ்கிராப் விலை, அதே ரகப் புது வண்டியின் ஷோரூம் விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும் என்பது அரசின் கணக்கு. அந்தச் சான்றிதழை வைத்துப் புதுச் சரக்கு வண்டிக்குச் சாலை வரியில் 15 விழுக்காடு வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்றும் விதி இருக்கிறது. புக் செய்வதற்கு முன்னால் டீலரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

புது டீசல் பி.எஸ்.6 வண்டி புகை டெஸ்ட்டில் பிரச்சினை தராது. வேறு பிரச்சினை தரும். கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உள்ள வண்டிகளில், அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். துறைமுகத்திலிருந்து மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் என்று ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓடுகிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு லைட் எரியும். தினமும் புதுச்சேரி, விழுப்புரம், சென்னை என்று நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு இது தொந்தரவே இல்லை. ஊருக்குள் மட்டும் ஓடுபவர் சிறிய பேட்டரி வண்டியையோ கம்பெனியிலேயே சி.என்.ஜி.யாக வரும் வண்டியையோ பார்க்கலாம். பேட்டரி வண்டிக்குப் புகை சர்டிபிகேட்டே கிடையாது.

என் கருத்து வெளிப்படையானது. சேஸிஸ் நன்றாக இருக்கும் பி.எஸ்.3 பிக்கப்பைப் புகைக்குப் பயந்து விற்பது நஷ்டம். மாதத் தவணை என்பது மழைக்காலத்தில் சரக்கு இல்லாத மாதத்திலும் வரும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் எச்சரிக்கையால் படகு கடலுக்குப் போகாத வாரங்களில் தவணை கட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

டெஸ்ட்டுக்குப் போகும் நாள்

வேலை எல்லாம் முடிந்த பிறகு வண்டியைக் குளிராகக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். ஆல்பேட்டையிலிருந்து ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு சுற்று, கொஞ்ச தூரம் மூன்றாவது கியரில் இழுத்து ஓட்டிவிட்டு நேராக சென்டருக்குள் போங்கள். எஞ்சின் சூடாக இருக்க வேண்டும் என்பது டெஸ்ட் முறையிலேயே உண்டு. பல மாதமாகச் சைலன்சரில் படிந்த கரி முதல் சில மிதியில் வெளியேறும், அது அளவில் சேரக் கூடாது. கிளம்பும் முன் ஆயிலும் தண்ணீரும் பாருங்கள், முழு வேகத்தில் மிதிக்கப் போகிறார்கள். வரிசை நீளமாக இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு அரை மணி நிற்காதீர்கள்.

எந்த ஊர் சென்டர் என்பது பெரிய விஷயமில்லை. டி.என்.31 வண்டிக்குப் புதுச்சேரியில் எடுத்த சர்டிபிகேட்டும், பி.ஒய்.01 வண்டிக்குக் கடலூரில் எடுத்ததும் இரண்டு பக்கமும் செல்லும், நாடு முழுக்க ஒரே படிவம். செல் நம்பர் வாகன் தளத்தில் பழசாக இருந்தால் மட்டும் முதலில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸுக்கும் புகைக்கும் இருந்த முடிச்சை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் அவிழ்த்துவிட்டது. புகை சர்டிபிகேட் இருந்தால்தான் இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்கலாம் என்று 2017-இல் போட்ட நிபந்தனை அது. அதனால் புகை இல்லை என்று இன்ஷூரன்ஸைத் தள்ளிப் போட வேண்டாம்.

எஃப்.சி. தேதி பலா சீசனில் விழுகிறது என்றால் மாசி மாதத்திலேயே பம்ப் கடையில் இடம் சொல்லி வையுங்கள். சித்திரை பிறந்துவிட்டால் பண்ருட்டி வண்டியெல்லாம் அங்கேதான் நிற்கும்.